ஆபரேஷனுக்குப் பிறகும் எடை ஏறுவது ஏன்?

கேள்வி: வயது 43. மூன்று வருடங்களுக்கு முன், எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். 110 கிலோவிலிருந்து 72க்கு வந்தேன். இந்த ஒரு வருடத்தில் 78 ஆகிவிட்டது. காலையில் ஒன்றரை இட்லிக்கு மேல் இறங்குவதே இல்லை. மெட்டபாலிசம் கெட்டுவிட்டதா? இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். கொஞ்சம் எடை திரும்புவது இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கும் நடப்பதுதான்.

உங்கள் மெட்டபாலிசம் கெடவில்லை, சிக்கனமாகியிருக்கிறது. 110 கிலோ உடம்பைச் சுமக்க ஆன கலோரிச் செலவு 72 கிலோவுக்கு ஆகாது. எடை இறங்கியதும் உடம்பு அந்தக் கணக்குக்கும் கீழே செலவைச் சுருக்கிக்கொள்ளும். அமெரிக்காவில் ஒரு டிவி எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து அளந்து, 2016ல் முடிவை வெளியிட்டார்கள். இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தும், ஓய்வில் அவர்கள் உடம்பு செலவழித்தது எதிர்பார்த்ததைவிடத் தினமும் சுமார் 500 கலோரி குறைவு. அவர்கள் ஆபரேஷன் இல்லாமல், டயட்டிலும் உடற்பயிற்சியிலும் இளைத்தவர்கள். உங்களுக்கு இரைப்பையின் பெரும்பகுதியை, மேற்பகுதியையும் சேர்த்து, எடுத்திருப்பதால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் குறைந்திருக்கும். அது பெரிய உதவி.

சரி, 6 கிலோ எங்கிருந்து வந்தது? இட்லியை நான் சந்தேகப்படவில்லை. சுருங்கிய இரைப்பை கெட்டியான உணவைத்தான் தடுக்கும். சர்க்கரை போட்ட காபி, வாயில் போட்டதும் கரையும் முறுக்கு, மிக்சர் எல்லாம் வயிறு நிறைந்த உணர்வே தராமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். தோசைக்கல்லில் விடும் எண்ணெயையும் பாருங்கள்: ஒரு டேபிள்ஸ்பூன் சுமார் 120 கலோரி. வாயில் போடுவதையெல்லாம் மூன்று நாள் எழுதி வையுங்கள், டீ கடை பிஸ்கட் உட்பட.

அப்புறம், தட்டில் முதலில் புரதம். முட்டை, மீன், சுண்டல், பனீர், கெட்டித் தயிர். சோறு கடைசியில். நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் பொதுவான இலக்கு. ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதால், திட்டமிடாமல் எட்டாது. எடையோடு தசையும் கரைந்திருக்கும். நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் தசையை மீட்க அது போதாது. வாரம் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, முடிந்தால் டம்பெல் தூக்குவது வேண்டும்.

ஆபரேஷன் செய்த டாக்டரையும் ஒருமுறை பாருங்கள். தைராய்டு, பி12, இரும்புச்சத்து பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். சில மாத்திரைகளே எடையை ஏற்றும்.