வெறுப்பு, சொல், சட்டம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவை (இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299) எடுத்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் அதே கட்டுரையில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை ஆதரிக்கிறீர்கள். இரண்டும் எப்படிச் சேரும் என்று எனக்குப் புரியவில்லை. கொலை கொலைதான், அடி அடிதான். அடித்தவன் மனதில் சாதி இருந்ததா, மதம் இருந்ததா என்று தோண்டிப் பார்த்துக் கூடுதல் தண்டனை கொடுத்தால் அது எண்ணத்துக்கான தண்டனை ஆகாதா? வெறுப்புப் பேச்சுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்றும் சிலர் கேட்கிறார்கள். அதில் உங்கள் நிலை என்ன?

இதை நான் சும்மா கேட்கவில்லை. என் சித்தப்பா மகன் மீது இப்போது வன்கொடுமை வழக்கு இருக்கிறது. சந்தையில் வண்டி நிறுத்துவதில் தகராறு. கோபத்தில் ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டிவிட்டான். கை ஓங்கவில்லை. முன்ஜாமீனே கிடையாது என்கிறார் வக்கீல். அவன் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் எழுத்தாளருக்கு நீங்கள் கேட்கும் சுதந்திரம் அவனுக்கு மட்டும் ஏன் இல்லை?

அன்புடன்,
ஈரோடு மாவட்ட வாசகர் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் முதல் கேள்வி அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை போன கேள்வி. அந்த வழக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

விஸ்கான்சின் மாநிலத்தில் கெனோஷா என்று ஓர் ஊர். 1989 அக்டோபரில் அங்கே கறுப்பின இளைஞர்கள் சிலர் கூடி, ஒரு படத்தில் வெள்ளையன் ஒருவன் கறுப்பினச் சிறுவனை அடிக்கும் காட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தெருவின் எதிர்ப்பக்கம் பதினான்கு வயது வெள்ளைக்காரப் பையன் ஒருவன் நடந்து போனான். டாட் மிட்செல் என்பவர் அவனைக் காட்டி, அதோ ஒரு வெள்ளைக்காரப் பையன், போய்ப் பிடியுங்கள் என்றார். அடித்த அடியில் அந்தப் பையன் நான்கு நாள் நினைவில்லாமல் கிடந்தான். அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டு. இனம் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்தால் ஏழு ஆண்டு வரை கொடுக்கலாம் என்று அந்த மாநிலத்தில் சட்டம் இருந்தது. மிட்செலுக்கு நான்கு ஆண்டு கிடைத்தது.

மாநில உச்ச நீதிமன்றம் நீங்கள் சொல்வதையே சொன்னது. இது எண்ணத்தைத் தண்டிக்கும் சட்டம் என்று அதை ரத்து செய்தது. 1993இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தத் தீர்ப்பைத் திருப்பினார்கள். மிட்செல் வெள்ளையரை வெறுப்பது அவர் உரிமை, அதைப் பேசுவதும் எழுதுவதும் அவர் உரிமை. அந்த வெறுப்பை வைத்து ஓர் ஆளைப் பொறுக்கி எடுத்து அடித்தால், தண்டனைக்கு உரியது அந்தச் செயல். ஒரு குற்றத்தின் நோக்கத்தை எடைபோட்டுத் தண்டனை கொடுப்பது நீதிமன்றங்களில் காலம் காலமாக நடப்பதுதான். இப்படிப்பட்ட குற்றம் பதிலடியைத் தூண்டும், ஒரு சமூகத்தையே கலங்க வைக்கும் என்பதையும் நீதிபதிகள் எடுத்துச் சொன்னார்கள். சிறுபான்மையினருக்குச் சலுகையாக வந்தவை இந்தச் சட்டங்கள் என்று நினைப்பவர்கள், இங்கே குற்றவாளி கறுப்பினத்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதே நீதிமன்றம் முந்தின ஆண்டு இன்னொரு வழக்கில் எதிர்ப்பக்கம் நின்றது. மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில், உடைந்த நாற்காலிக் கால்களைச் சேர்த்துக் கட்டிச் சிலுவையாக்கி, ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வேலிக்குள் கொண்டுபோய் எரித்திருந்தார்கள். இனம், மதம் சார்ந்து கோபத்தையோ கலக்கத்தையோ உண்டாக்கும் சின்னங்களை வைப்பது குற்றம் என்ற நகர விதியின்கீழ் வழக்கு வந்தது. நீதிமன்றம் விதியையே தள்ளிவிட்டது. எந்தக் கருத்தைச் சொன்னால் குற்றம் என்று அரசு பொறுக்கக் கூடாது; அடுத்தவர் வளவில் தீ வைப்பதற்கும் மிரட்டுவதற்கும் வேறு சட்டங்கள் இருக்கின்றன, அதில் போடுங்கள் என்றது. அந்தத் தீர்ப்பு அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று யோசிக்காமல் என்னால் இதை எழுத முடியவில்லை. ஆனாலும் இரண்டு தீர்ப்பும் ஒன்றோடொன்று முட்டவில்லை. ஒன்று செயலைத் தண்டித்தது, மற்றது கருத்தைத் தண்டிக்க மறுத்தது. நானும் அந்தக் கோட்டில்தான் நிற்கிறேன்.

சரி, நம் ஊருக்கு வருவோம். 1989இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 1990 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்தான் இந்தியாவின் உண்மையான வெறுப்புக் குற்றச் சட்டம். அது ஏன் வந்தது? 1968 கிறிஸ்துமஸ் இரவில் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து 44 தலித்துகள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை விடுவித்தது. கொலைக்கு அப்போதும் சட்டம் இருந்ததே? கொலை கொலைதான் என்ற ஏற்பாடு அந்த 44 பேருக்குப் போதவில்லை.

புதுச் சட்டம் வந்த பிறகும் நோக்கத்தை நிரூபிப்பது சுலபமாகிவிடவில்லை. மகாராஷ்டிரத்தின் கைர்லாஞ்சியில் 2006 செப்டம்பரில் ஒரு தலித் குடும்பத்தின் நான்கு பேரை, தாயையும் மகளையும் இரு மகன்களையும், ஊரார் திரண்டு கொன்றார்கள். 2008இல் விசாரணை நீதிமன்றம் எட்டுப் பேரைக் குற்றவாளிகள் என்றது, ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனையும் விதித்தது. ஆனால் வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது என்றது. 2010இல் உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுள் தண்டனையாக மாற்றியது, இது சாதிக் கொலை இல்லை, பழிவாங்கல் என்றது. நிலத்தகராறு, பழைய சாட்சியம், முன்விரோதம் எல்லாம் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் குடும்பம் வேறு சாதியில் பிறந்திருந்தால் ஓர் ஊரே திரண்டு வந்திருக்குமா என்ற கேள்விக்குத் தீர்ப்புகளில் பதில் இல்லை.

ஆகவே உங்கள் அச்சம் நடப்பதற்கு நேர்மாறானது. கைர்லாஞ்சியில் மனதைத் தோண்டிப் பார்த்து யாரையும் கூடுதலாகத் தண்டித்துவிடவில்லை. மனதில் இருந்ததை நிரூபிக்கவில்லை என்று சொல்லித்தான் வழக்குகள் கரைந்தன. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்ற காரணத்தால் குற்றம் செய்தால் என்று முன்பு கூடுதல் தண்டனை தரும் 3(2)(வி) பிரிவில் இருந்தது. 2015 திருத்தம் அதை, அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்று தெரிந்தே செய்தால் என்று மாற்றியது. தெரிந்திருந்ததா என்பதைச் சாட்சி வைத்து நிறுவ முடியும்.

இனி சொல். உங்கள் கேள்வியின் கடினமான பகுதி இதுதான். வன்கொடுமைச் சட்டத்தில் சொல்லுக்கும் தண்டனை உண்டு. பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் குற்றம். நான்கு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாத இடத்தில் சொன்னது இதில் வராது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீட்டு வாசலில் நாலு பேர் பார்க்கச் சொன்னால் வரும் என்று 2008லேயே சொல்லியிருக்கிறது.

இதை நான் ஏன் கருத்துச் சுதந்திரத்தில் சேர்ப்பதில்லை? எங்கள் ஊர் டீக்கடையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். எழுபது வயது தாண்டிய ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வயதுகூட நிரம்பாத ஒரு பையன் வண்டியை நிறுத்தி, அவரைச் சாதிப் பெயர் சொல்லி, எழுந்திருடா என்றான். அவர் எழுந்தார். கிளாஸில் டீ பாதி இருந்தது, அதை வைத்துவிட்டுப் போனார். கடையில் ஐந்தாறு பேர் இருந்தோம், யாரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பையன் அங்கே எந்தக் கருத்தையும் சொல்லவில்லை. பதிலுக்கு வாதம் செய்ய அவருக்கு இடமும் இல்லை. அவன் ஒரு மனிதரைப் பெஞ்சிலிருந்து எழுப்பினான். கையால் செய்திருந்தால் அது தாக்குதல் என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

கருத்து என்றால் எது என்பதற்கும் நம்மிடமே உதாரணம் இருக்கிறது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற படம் சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டைக் கேள்வி கேட்டது. பொய்ச் சாதிச் சான்றிதழ் வாங்கும் ஒரு பிராமணப் பெண்ணின் கதை. சென்னை உயர் நீதிமன்ற அமர்வு தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. படம் வந்தால் கலவரம் வரும் என்று மாநில அரசு வாதாடியது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் படத்தின் பக்கம் நின்றது. ஊர்வலம் போவோம், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சுரிமையைப் பறிக்க முடியாது. வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறிபோல ஆபத்து உடனடியாக இருந்தால்தான் தடுக்கலாம் என்றது. அந்தப் படத்தின் வாதம் தவறு என்பது என் உறுதியான கருத்து. அது திரையிடப்பட்டிருக்க வேண்டும் என்பதிலும் அதே அளவு உறுதியாக இருக்கிறேன். இடஒதுக்கீட்டை ஒழியுங்கள் என்று உங்கள் தம்பி மேடை போட்டுப் பேசட்டும். அவர் பேச்சைத் தடுத்தால் அவருக்காகவும் எழுதுவேன்.

இப்போது 295ஏ ஏன் வேறு என்பது தெரியும். அந்தப் பிரிவு 1927இல் வந்தது. லாகூரில் நபிகளைப் பற்றிய ஒரு சிறு நூலை வெளியிட்டவரை, இருக்கிற சட்டத்தில் இது குற்றம் இல்லை என்று உயர் நீதிமன்றம் விடுவித்தது. கிளர்ச்சி எழுந்தது, அதைத் தணிக்க அரசு புதுப் பிரிவைச் சேர்த்தது. சட்டம் வந்தும் அந்தப் பதிப்பாளரின் உயிர் தப்பவில்லை, 1929இல் குத்திக் கொன்றார்கள். கெட்ட நோக்கம் இருக்க வேண்டும் என்று பிரிவில் எழுதியிருந்தாலும், நடைமுறையில் வழக்கு தொடங்குவது யாரோ ஒருவர் மனம் புண்பட்டது என்று சொல்வதில்தான். யார் கூட்டம் சேர்க்க முடியுமோ அவர் மனம்தான் புண்படும். டீக்கடையில் எழுந்து போனவரின் மனம் புண்பட்டதாக எந்த ஊரிலும் கடையடைப்பு நடந்ததில்லை.

பெரியார் 1953இல் திருச்சியில் மண் பிள்ளையாரை உடைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1958இல் அந்த நீதிமன்றம், கீழ் நீதிமன்றங்கள் சட்டத்தைக் குறுக்கிப் படித்துவிட்டன என்று சொன்னது, ஆனால் காலம் கடந்துவிட்டது என்று மேற்கொண்டு விசாரிக்கவில்லை. இன்றைக்கு ஒருவர் அதைச் செய்துவிட்டு எத்தனை மாவட்டக் காவல் நிலையங்களுக்கு அலைய வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் விவகாரத்தில் தண்டிக்க நீதிமன்றமே தேவைப்படவில்லை. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய சமாதானக் கூட்டமே ஓர் எழுத்தாளரின் பேனாவைக் கீழே வைக்கப் போதுமானதாக இருந்தது. அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2016 ஜூலை ஆயிற்று.

வெறுப்புப் பேச்சுக்குப் புதுச் சட்டம் வேண்டுமா என்று கேட்டீர்கள். சட்ட ஆணையமே 2017இல் தன் 267ஆவது அறிக்கையில் புதுப் பிரிவுகளைப் பரிந்துரைத்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வன்முறைக்குத் தூண்டுவது ஏற்கெனவே குற்றம். ஒரு கருத்தைப் பேசலாம், எவ்வளவு கசப்பானதாக இருந்தாலும் பரப்பலாம், தூண்டுதலாக மாறும் இடத்தில்தான் சட்டம் நுழையலாம் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்த 2015 தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. புகார் வராவிட்டாலும் வெறுப்புப் பேச்சு மீது தானாகவே வழக்குப் போடுங்கள் என்று 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்புறமும் கூட்டம் போட்டு, ஒரு சமூகத்தின் கடையில் வாங்காதே, அவர்களை ஊரைவிட்டு விரட்டு என்று மைக்கில் பேசுகிறவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். காரணங்களில் ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. சமூகங்களிடையே பகை வளர்ப்பதைக் குற்றமாக்கிய 153ஏ, மற்றும் 295ஏ போன்ற பிரிவுகளில் நீதிமன்றம் வழக்கை எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டியிருந்தது. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டங்களிலும் அப்படித்தான். பேசியவர் ஆளுங்கட்சிக்கு வேண்டியவரானால் கோப்பு நகராது. இந்தப் பூட்டு இருக்கும்வரை தண்டனையை மூன்று ஆண்டிலிருந்து பத்து ஆண்டாக ஆக்கினாலும், உள்ளே போகப்போவது முகநூலில் கிண்டல் எழுதிய கல்லூரி மாணவர்தான்.

பொய் வழக்கு என்ற வாதத்தை நீங்கள் எழுப்பவில்லை, அதற்கு நன்றி. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்று வன்கொடுமைச் சட்டத்தில் கைதுக்குக் கட்டுப்பாடு வைத்தது, நாடாளுமன்றம் சில மாதத்தில் அதை மாற்றியது, 2019இல் நீதிமன்றமே தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது.

ஒரு சொல்லுக்கு இவ்வளவா என்பவர்களுக்கு நாங்குநேரியைச் சொல்வேன். 2023 ஆகஸ்டில், திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள அந்த ஊரில், தலித் பள்ளி மாணவன் ஒருவனை உடன் படித்த மாணவர்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்கு முன் நடந்தவை எல்லாம் பேச்சும் ஏவலும்தான். கிண்டல், வசவு, கடைக்குப் போய் வாங்கிவா என்ற அதிகாரம். அவன் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான், பிறகு பள்ளியில் புகார் சொன்னான். அந்தப் புகாருக்குப் பதிலாகத்தான் அரிவாள் வந்தது. பேச்சுக் கட்டத்தில் பெரியவர் ஒருவராவது தீவிரமாக எடுத்துக்கொண்டிருந்தால் அந்த இரவு வந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

கடைசியாக, உங்கள் தம்பி விஷயம். நான் வக்கீல் இல்லை, ஆனால் வக்கீலிடம் ஒன்றைக் கேளுங்கள். மேலோட்டப் பார்வையிலேயே குற்றம் நடந்ததாகத் தெரியாத வழக்கில் முன்ஜாமீன் கொடுக்கலாம் என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் சந்தையில் அந்தப் பெயரைச் சொன்னான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த வழி அவனுக்குத் திறக்குமா என்பது சந்தேகம். தகராறு வண்டி நிறுத்துவது பற்றியது. அதற்கு எதிராளியின் சாதி எதற்கு வந்தது என்பதை அவனிடம் கேட்டீர்களா? அந்தச் சந்தைக்கு மறுநாளும் வர வேண்டியவராக அந்த எதிராளி இருக்கலாம். வழக்கு என்ன ஆனாலும், அதே சந்தையில், அதே ஆட்கள் முன்னால் அவரிடம் உங்கள் தம்பி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி உறவினர்கள் யாரும் அவர் வீட்டுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாட்சிகளை மிரட்டினார்கள் என்று அது இன்னொரு வழக்காகும், ஆகவும் வேண்டும்.

அன்புடன்.