பிரீசீசன் டெஸ்டிங் நேரங்களை வைத்து ஃபார்முலா 1 சீசனைக் கணிக்க முடியுமா?

சீசனுக்கு முன் அணிகள் காரை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்டிங்கில் முதலிடம் பிடிக்கும் அணிதான் அந்த வருஷம் ஜெயிக்குமா, அந்த டைம்ஷீட்டை (லேப் நேரப் பட்டியலை) எவ்வளவு நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். டைம்ஷீட்டை மட்டும் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. ஒவ்வொரு காரும் ஓட்டிய லேப்களை வரிசையாகப் பார்த்தால், யார் முன்னே, யார் நடுவே, யார் பின்னே என்று கூட்டம் கூட்டமாகப் பிரிக்கலாம். ஒரே கூட்டத்துக்குள் யார் முதல் என்பது மட்டும் பிடிபடாது.

2019-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பார்சிலோனாவில் எட்டு நாள் டெஸ்டிங். ஃபெராரியின் வெட்டல் 1:16.221, மெர்சிடிஸின் ஹாமில்டன் 1:16.224. இரண்டுமே மிக மென்மையான C5 டயரில். வித்தியாசம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு. ஃபெராரிதான் இந்த வருஷம் என்று எல்லோரும் எழுதினார்கள். சீசனின் முதல் ரேஸான மெல்பர்னில், யார் எந்த இடத்தில் கிளம்புவது என்று முடிவு செய்யும் குவாலிஃபையிங்கில் வெட்டல் ஹாமில்டனைவிட 0.704 விநாடி பின்தங்கினார். அது வேறு டிராக் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் மே மாதம் அதே பார்சிலோனாவுக்குத் திரும்பியபோது மெர்சிடிஸின் போட்டாஸ் முதலிடத்தைப் (போல்) பிடித்த நேரம் 1:15.406, வெட்டல் அதற்கு 0.866 பின்னால். முதல் எட்டு ரேஸையும் மெர்சிடிஸே ஜெயித்தது.

இந்த இடைவெளி எங்கே ஒளிந்திருந்தது? முதல் சந்தேகம் எப்போதும் எரிபொருள் மீதுதான். பத்து கிலோ கூடினால் ஒரு லேப்புக்கு ஏறத்தாழ 0.3 விநாடி போகும். 2019 முதல் 2025 வரை ஒரு ரேஸுக்கு 110 கிலோ வரை அனுமதி. அதாவது ஏறக்குறைய காலியான டேங்குக்கும் நிறைந்த டேங்குக்கும் நடுவே மூன்று விநாடி. ஒரு அணி 10 கிலோவில் ஓடுகிறதா, 30 கிலோவில் ஓடுகிறதா என்பது வெளியே யாருக்கும் தெரியாது. அந்த 20 கிலோவே 0.6 விநாடி. முன்வரிசை அணிகளுக்கு இடையே உண்மையில் இருக்கும் வித்தியாசம் பல வருஷங்களில் அதைவிடக் குறைவு.

அதன் மேல் டயர். C-க்குப் பின் வரும் எண் கூடக் கூட டயர் மென்மை. C3-இலிருந்து C4-க்கு மாறினால் அரை விநாடி போலக் கிடைக்கலாம், ஆனால் எல்லா டிராக்கிலும் இல்லை. பஹ்ரைனில் C5 போட்டால் லேப்பின் கடைசிப் பகுதிக்குள் பின் டயர் சூடாகித் துவண்டுவிடும், அதனால் அங்கே பல அணிகள் C3-யோடு நிறுத்திக்கொள்ளும். இன்ஜின் மோடும் (எவ்வளவு சக்தி எடுப்பது என்ற அமைப்பு) இருக்கிறது. 2020-இல் இத்தாலியின் மோன்சா ரேஸ் முதல் குவாலிஃபையிங்கிலும் ரேஸிலும் ஒரே மோடில்தான் ஓட வேண்டும் என்று விதி வந்தது. டெஸ்டிங்கில் எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்து ஓடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். பஹ்ரைன் என்றால் நாளின் எந்த நேரத்தில் ஓடியது என்பதும் முக்கியம்: மதிய வெயிலில் பதிவான லேப்பையும் விளக்கு போட்ட பிறகு பதிவான லேப்பையும் பக்கத்தில் வைப்பதில் அர்த்தமில்லை.

சரி, அப்படியானால் எதைப் பார்ப்பது? ரேஸ் சிமுலேஷனைத்தான். காரணம் எளிது. ரேஸில் நடுவே எரிபொருள் நிரப்ப 2010 முதல் அனுமதி இல்லை. ஆகவே முழு ரேஸையும் ஒத்திகை பார்க்கும் அணி பஹ்ரைனின் 57 லேப்புக்கும் சேர்த்து நிரப்பிக்கொண்டுதான் கிளம்பும். பிட்டுக்கு வந்து டயர் மட்டும் மாற்றி உடனே வெளியே போனால், 2025 வரையான கார் என்றால் கிளம்பும்போது அதில் சுமார் 100 கிலோ இருந்தது என்று உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். எரிபொருளை ஒளிக்க முடியாத ஒரே ஓட்டம் இது. காரை கராஜுக்குள் தள்ளிக் கதவை மூடிவிட்டால் கணக்கு முடிந்தது. அதன் பிறகு வரும் லேப்களை அதே ஓட்டத்தோடு சேர்க்காதீர்கள்.

கணக்கு இப்படி. 2025 வரையான கார்களில் லேப்புக்கு சுமார் 1.8 கிலோ எரிந்தது, ஆகவே கார் லேசாவதால் மட்டும் ஒவ்வொரு லேப்பும் 0.05 விநாடி வேகமாக வேண்டும். C3 டயரில் 17 லேப் ஓடிய ஒரு கார் 1:36.5-இல் தொடங்கி 1:37.2-இல் முடித்தது என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு 0.7 விநாடிதான் இழப்பு. ஆனால் அந்த 16 லேப் இடைவெளியில் எரிபொருள் குறைந்ததால் 0.8 விநாடிக்கு மேல் லாபம் வந்திருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் டயர் தின்றது 1.5 விநாடி, லேப்புக்கு 0.1-க்குச் சற்றுக் குறைவு. இதே கணக்கை எதிரணிக் காருக்கும் போடுங்கள், அதே டயரில், முடிந்தால் அதே மணி நேரத்தில் ஓடியதற்கு. பிட்டிலிருந்து கிளம்பும் அவுட் லேப், பிட்டுக்குத் திரும்பும் இன் லேப், டிராஃபிக்கில் மாட்டிய லேப் எல்லாவற்றையும் முதலில் வெட்டிவிட வேண்டும். காரின் பக்கத்தில் கம்பி வலை போன்ற ஏரோ சென்சார் சட்டம் மாட்டியிருந்தாலும் அந்த லேப்பை மறந்துவிடுங்கள், அது காற்றழுத்தம் அளக்கும் வேலை.

2025 பஹ்ரைன் டெஸ்டிங் இதற்கு நல்ல சாட்சி. மூன்று நாளின் மொத்த டைம்ஷீட்டில் முதல் இடம் வில்லியம்ஸின் சைன்ஸுக்கு: 1:29.348. மெக்லாரனின் நாரிஸுடைய சிறந்த நேரம் 1:30.430, ஒரு விநாடிக்கும் மேல் பின்னால். ஆனால் இரண்டாம் நாள் நாரிஸ் ஓட்டிய நீண்ட ஓட்டத்தைப் பார்த்தவர்கள் அப்போதே மெக்லாரனைத்தான் சொன்னார்கள். மெல்பர்னில் போலும் வெற்றியும் நாரிஸுக்கு. வில்லியம்ஸ் நல்ல கார்தான், சீசனை ஐந்தாவதாக முடித்தது.

“வேகத்தை ஒளிக்கிறார்கள்” என்ற பேச்சு வருஷா வருஷம் வரும். பாதிதான் நம்புவேன். 2022-இல் எங்களால் ஜெயிக்க முடியாது என்று மெர்சிடிஸ் புலம்பியபோது நடிப்பு என்றார்கள். நேராக ஓடும்போதே அந்தக் கார் துள்ளியது கண்முன் தெரிந்தும். அவர்கள் சொன்னதுதான் கிட்டத்தட்ட நிஜமானது, அந்த சீசனில் ஒரே ஒரு ரேஸைத்தான் ஜெயித்தார்கள். தலைகீழ் வித்தையும் உண்டு. ஸ்பான்சர் தேவைப்படும் அணி எடையையும் எரிபொருளையும் குறைத்து ஒரு பளிச் நேரம் போடும், ஏனென்றால் டெஸ்டிங் நேரத்தை யாரும் தகுதிநீக்கம் செய்யப் போவதில்லை. 2001 குளிர்கால டெஸ்டிங்கில் புரோஸ்ட் அணி அசத்தியது, சீசன் முழுக்க எடுத்தது 4 புள்ளி.

லேப் எண்ணிக்கையை நேரத்தைவிட அதிகம் மதிக்கலாம், ஆனால் அதுவும் தீர்ப்பு அல்ல. 2014-இல் ஸ்பெயினின் ஹெரெஸ் டெஸ்டிங்கில் ரெட் புல் நான்கு நாளில் 21 லேப்தான் ஓடியது. இருந்தும் மெல்பர்னில் ரிக்கார்டோ இரண்டாவதாகக் கோட்டைக் கடந்தார் (எரிபொருள் பாய்வு விதிமீறலால் பிறகு நீக்கப்பட்டார் என்பது வேறு கதை). பணமும் ஆளும் உள்ள அணி மீண்டுவிடும். இல்லாதவர்கள் கதை வேறு: கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2011-இல் ஓட்டிய எச்ஆர்டி அணியின் புதிய கார் டெஸ்டிங்கில் ஒரு லேப்கூட ஓடாமல் மெல்பர்ன் போனது. குவாலிஃபையிங் முதல் கட்டத்தின் மிக வேகமான நேரத்தில் 107 சதவீதத்துக்குள் ஓட வேண்டும் என்ற விதியை நிறைவேற்ற முடியாமல் அணியின் இரண்டு கார்களுமே ரேஸில் இடம் பெறவில்லை.

நீங்களே பார்க்க வேண்டும் என்றால், பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஃபாஸ்ட்எஃப்1 என்ற இலவச நூலகம் இருக்கிறது. லேப் நேரம், டயர், வேகம், கியர், த்ராட்டில் எல்லாம் கிடைக்கும். டெஸ்டிங் நாட்களை எடுக்கத் தனி ஃபங்ஷன் உண்டு. இரண்டு கார்களின் வேகக் கோட்டை ஒன்றன் மேல் ஒன்றாக வரையுங்கள். வளைவில் இரண்டும் சமம், நேர்கோட்டின் கடைசியில் மட்டும் ஒன்று மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் குறைவு என்றால் இன்ஜினைக் குறைத்து ஓடுகிறார்கள் என்றோ பெரிய விங் மாட்டியிருக்கிறார்கள் என்றோ சந்தேகப்படலாம். வளைவிலேயே பின்தங்கினால் எரிபொருள் சுமையாக இருக்கலாம், காரே மோசமாகவும் இருக்கலாம். அந்த அணி ரேஸ் சிமுலேஷன் ஓட்டும் வரை காத்திருங்கள்.