அந்தக் கருப்பு அச்சுப் பிழை அல்ல

வணக்கம். பழைய பாடநூலில் உள்ள இடுப்புக்குழி எக்ஸ்ரே ஏன் அத்தனை கருப்பு, அச்சுப் பிழையா என்று கேட்டிருந்தீர்கள். பிழையில்லை, அது வாயு.

கருப்பை, சூலகம், குடல் மூன்றும் எக்ஸ்ரேயில் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். அதனால் வயிற்றில் ஊசி குத்தி, குடலுக்கு வெளியே வாயுவைச் செலுத்தினார்கள். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துத் தலைப்பக்கம் தாழ்த்தினால் குடல் மார்புப் பக்கம் சரியும், வாயு இடுப்புக்குழிக்கு ஏறும். கருப்புக்கு நடுவே வெளுப்பாகத் தெரிவது கருப்பை, இருபுறமும் சூலகங்கள். அவற்றின் அளவைக் கருப்பையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிகாகோவில் மகளிர் நோய் மருத்துவர் இர்விங் ஸ்டைன் பெருத்த சூலகங்களை இப்படித்தான் படம்பிடித்தார். சக மருத்துவர் லெவந்தாலுடன் அவர் 1935இல் விவரித்த சூலகக் கோளாறைத்தான் இன்று பிசிஓஎஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) என்கிறோம்.

இப்படிச் செலுத்த ஏற்ற வாயு கார்பன் டை ஆக்சைடு, அது ரத்தத்தில் சீக்கிரம் கரையும். சாதாரணக் காற்று ரத்தக்குழாயில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. இந்தச் சோதனையைத் தாங்கிய பெண்களை நினைத்தால் மனம் கனக்கிறது.