பழைய பிக்கப்பின் மாஸ்டர் சிலிண்டர்: கேள்வி பதில்

கோபியிலிருந்து: அண்ணா, 1958 வில்லிஸ் பிக்கப். நாலு சக்கரமும் டிரம், மாஸ்டர் தரைக்கு அடியில். டேண்டம் மாஸ்டர் போட்டா பிரேக் நல்லா பிடிக்குமுங்களா?

இப்போது எப்படிப் பிடிக்கிறதோ அப்படியேதான் பிடிக்கும் தம்பி. பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கிச் சக்கரங்களுக்கு அனுப்புவதுதான் மாஸ்டர். ஒற்றை மாஸ்டரில் ஒரு ஹோஸ் வெடித்தாலே நாலு சக்கரமும் போச்சு. டேண்டத்தில் பிஸ்டன் இரண்டு, ஆயில் அறை இரண்டு. முன்னுக்கு ஒரு லைன், பின்னுக்கு ஒரு லைன். ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும். அமெரிக்கக் கார்களில் 1967 மாடலுக்குள் இது எல்லாவற்றிலும் வந்துவிட்டது.

போர் அளவில்தான், அதாவது மாஸ்டரின் உள்விட்டத்தில்தான், பலரும் ஏமாறுகிறார்கள். 1 அங்குலத்தை எடுத்துவிட்டு முக்கால் அங்குலம் போட்டால் அதே மிதிக்குச் சுமார் 1.8 மடங்கு அழுத்தம் வரும். ஆனால் தள்ளுகிற ஆயில் குறையும். டிரம் ஷூவை நகர்த்த ஆயில் நிறைய வேண்டும், அதனால் பெடல் பலகை வரைக்கும் போய்விடும். பழைய போரை அளந்து, அதை ஒட்டியே வாங்குங்கள். முன் டிஸ்க் வண்டியின் மாஸ்டர் வேண்டாம்.

டிரம்முக்கு 10 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு தேவை. பெடலை விட்ட பிறகும் லைனில் கொஞ்சம் அழுத்தம் நின்றால்தான் வீல் சிலிண்டர் ரப்பரின் உதடு சுவரோடு ஒட்டியிருக்கும், காற்று நுழையாது. மாஸ்டருக்குள்ளேயே வால்வு இருந்தால் வெளியே இன்னொன்று மாட்டாதீர்கள்.

பெடலிலிருந்து வரும் புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். அது இல்லாவிட்டால் ஆயில் திரும்பும் சின்னத் துளை அடைபடும். சூட்டில் விரிந்த ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமல் பிரேக் பிடித்தபடியே நிற்கும்.

எல்லாம் முடிந்ததும், வண்டி நிற்கையில் முன் சக்கரத்தில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்துவிட்டுப் பெடலை மிதியுங்கள். கால் ஆழமாக இறங்கும், ஆனால் ஓரிடத்தில் கெட்டியாக நிற்க வேண்டும். பின் சக்கரம் இறுக வேண்டும். அப்புறம் பின்பக்கத்துக்கும் இதே சோதனை. முடித்துவிட்டு, லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற மறுபடி ஏர் எடுங்கள்.

பெருந்துறை: பழைய பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவலாமுங்களா?

கூடாது. மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல், கிரீஸ் எதுவும் பிரேக் ரப்பர் பக்கம் வரக்கூடாது. ரப்பர் உப்பிவிடும். பிரேக் ஆயிலாலேயே கழுவுங்கள்.

திருச்செங்கோடு: எவ்வளவு ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சாகவே இருக்கு.

மாஸ்டரை வண்டியில் மாட்டும் முன்பே ஏர் எடுத்தீர்களா? வைஸில் மட்டமாகப் பிடித்து, இரண்டு துளையிலிருந்தும் சின்ன பைப்பை அதனதன் ஆயில் அறைக்கே வளைத்து விட்டு, குமிழி நிற்கும்வரை மெதுவாகத் தள்ளுங்கள். பிறகு தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

காங்கேயம்: டேண்டம் போட்டால் பிரேக் பவர் கூடுமா?

கோபிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பவானி: ஏசி மெக்கானிக்கிடம் செம்பு பைப் இருக்கு, லைனுக்கு ஆகுமா?

ஆகாது. அதிர்வில் இறுகி விரிசல் விடும். ஸ்டீல் பைப் போடுங்கள், முனையை இரட்டை மடிப்பாக விரித்து (இரட்டை ஃபிளேர்).

சத்தியமங்கலம்: எங்க அப்பாரு காலத்திலிருந்து திம்பத்தில் நியூட்ரலில்தான் இறங்கறோம். ஒண்ணும் ஆகலை. டேண்டம் வீண் செலவு.

27 கொண்டை ஊசியிலும் நியூட்ரலா! ஐயா, 2 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் கிளம்பும் சூடு, 6 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். கியர் இல்லாவிட்டால் அத்தனையும் டிரம்முக்குத்தான் போகும். டிரம் விரியும், லைனர் வழுக்கும், தண்ணீர் ஏறிய பழைய ஆயில் கொதித்து ஆவியாகும். நாலு டிரம்மும் ஒன்றாகச் சுட்டால் டேண்டமும் கைகொடுக்காது.

தாளவாடி: அவர் சொல்றது சரிதானுங்க. கியரில் இறங்கினா டீசல் வீணாகுது.

தலைகீழ். ஆக்சிலேட்டரை விட்டுக் கியரில் இறங்கும்போது பம்பின் கவர்னர் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஐடிலில் குடித்துக்கொண்டே இருக்கும்.

சத்தியமங்கலம் மறுபடி: இன்ஜினையே நிறுத்திட்டா?

இன்ஜின் ஓடும்போது கிடைக்கும் வேக்குவத்தால் மிதியை இலகுவாக்கும் பூஸ்டர் உள்ள வண்டியானால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். உங்களோடு இதற்கு மேல் வாதாட மாட்டேன். எனக்கு முன்னால் இறங்காதீர்கள், அவ்வளவுதான்.

அந்தியூர்: டீசல் இன்ஜின் மாற்றிய ஜீப். பூஸ்டர் வேலை செய்யலை.

பெட்ரோல் இன்ஜினில் மேனிஃபோல்டிலேயே வேக்குவம் கிடைக்கும், டீசலில் கிடைக்காது. வேக்குவம் பம்புள்ள ஆல்டர்னேட்டர் போடுங்கள்.

நாமக்கல்: ஆர்சியில் ஏற்றணுமா?

ஆர்டிஓ ஆபீஸில் கேளுங்கள்.

ஈரோடு: டேண்டம் போட்டா நல்லா...

மேலே!

பல்லடம்: அண்ணா, படிக்கறதுக்கு முன்னாடியே மண்ணெண்ணெயில் கழுவிட்டேன்.

மாஸ்டர் கிட், வீல் சிலிண்டர் கிட், ஹோஸ் எல்லாம் புதிது போடுங்கள். பைப்புகளை ஸ்பிரிட் விட்டு அலசிக் காற்றடித்து, ஆயிலை முழுதாக மாற்றுங்கள்.