ஞாயிறு முழுக்கத் தூங்கியும் தீராத களைப்பு

கேள்வி: திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டில் கணக்குப் பார்க்கிறேன். ஞாயிறு முழுக்கத் தூங்கினாலும் திங்கள் காலை எழ முடியவில்லை. போன் அடித்தாலே எரிச்சல். சோம்பேறி ஆகிவிட்டேனா மேடம்?

பதில்: இல்லை தம்பி. சோம்பேறிக்கு இந்தக் கவலையே வராது. துறைமுக கேட்டில் லாரி நின்றுவிட்டால் டிரைவரும் திட்டுகிறார், முதலாளியும் திட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. கேட்டைத் திறப்பது உங்கள் கையில் இல்லை. ஏச்சு மட்டும் உங்களுக்கு. நெருக்கடி அதிகம், முடிவெடுக்கும் உரிமை குறைவு என்ற வேலைதான் ஆளை அதிகம் வாட்டும் என்று வேலை நெருக்கடியை ஆராய்ந்த ராபர்ட் கரசெக் 1979லேயே எழுதினார். தூக்கம் உடம்பு அசதியைப் போக்கும், இந்த வேலைச் சோர்வைப் போக்காது. இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எந்த லாரி, எத்தனை மணி நேரம், எதனால் நின்றது. அந்த நோட்டோடு முதலாளியிடம் போங்கள். தாமதம் ஆனால் டிரைவருக்கு யார் பதில் சொல்வது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

கேள்வி: வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடையில் ஏழு வருஷமாக இருக்கிறேன். இப்போதெல்லாம் புடவை எடுக்க வருபவர்களிடம் முகம் கொடுத்துப் பேசவே பிடிக்கவில்லை. என்னைவிடப் புதியவளுக்குச் சம்பளம் அதிகம்.

பதில்: இப்படி மனம் விலகிப்போவது வேலைச் சோர்வின் முக்கியமான அடையாளம். இதை ஆராய்ந்த உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் சொல்லும் பல காரணங்களில் வேலைப்பளுவும் ஒன்று, அவ்வளவுதான். நியாயம் இல்லாமை, உழைப்புக்கு மரியாதை இல்லாமை, கூட வேலை செய்பவர்களோடு ஒட்டாமை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. உங்களை அரிப்பது ஏழு வருஷ உழைப்பு கணக்கில் வராததுதான் என்று எனக்குப் படுகிறது. சம்பளத்தைப் பற்றி நேராகக் கேளுங்கள். அப்புறம், நாள் முழுக்க நிற்க வேண்டியதில்லை. ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே சட்டம் வந்துவிட்டது. ஆடித் தள்ளுபடி நெரிசலிலும் அது உங்கள் உரிமை.

கேள்வி: இந்த வேலைச் சோர்வு நோயா? மாத்திரை உண்டா?

பதில்: நோய் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை; வேலையால் வரும் நிலை என்று 2019ல் வகைப்படுத்தியது. ரத்தசோகையும் தைராய்டும் இதே அசதியைத் தரும், அதனால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வீட்டிலும் எதிலும் ஆசை இல்லை, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் நாள் கடத்தாதீர்கள். ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி என்றால் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் போடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.