பயோடேட்டாவில் அப்பா பெயர் இருக்கிறது, நீங்கள் செய்த வேலை எங்கே?

கேள்வி: தாராபுரம் பக்கம் கிராமம்ங்க. ஐடிஐ வயர்மேன் முடித்து எட்டு வருடமாக மாமாவோடு வீட்டு வயரிங், மில் வேலை, போர் மோட்டார் வேலை எல்லாம் செய்கிறேன். கோவையில் ஒரு பில்டரிடம் சைட் எலக்ட்ரீஷியன் வேலைக்கு ரெஸ்யூம் கேட்டார்கள். பிரவுசிங் சென்டரில் அடித்து வாங்கி அனுப்பினேன், பதிலே இல்லை. அனுபவச் சான்று என்று என்னிடம் எதுவும் கிடையாது. எப்படி எழுதுவது?

பதில்: நீங்கள் அனுப்பிய பிரதியைப் பார்த்தேன். அப்பா பெயர், மதம், திருமண நிலை, பொழுதுபோக்கு கிரிக்கெட், கடைசியில் ஓர் உறுதிமொழி. எட்டு வருட உழைப்புக்கு மட்டும் ஒரே வரி: ‘வயரிங் வேலையில் அனுபவம் உண்டு.’ பெயரையும் அந்த ஒரு வார்த்தையையும் மாற்றினால் இதே தாளை ஒரு டெய்லருக்கும் கொடுக்கலாம்.

முதலில் இதைப் பார்ப்பவர் ஹெச்ஆர். ஐடிஐ, லைசென்ஸ், ஊர், போன் நம்பர் இருக்கிறதா என்று பார்த்து அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார். அதனால் அவை தாளின் தலையில் இருக்கட்டும். அப்புறம் அது சைட் இன்ஜினியரிடம் போகும். முடிவு அவருடையது. இந்த ஆளை ஒரு ஃப்ளோரில் தனியாக விடலாமா, கூடவே ஒருத்தர் நிற்க வேண்டுமா? அவருக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். அதற்குப் பதில் சொல்லும்படி எழுதுங்கள். உதாரணமாக:

‘தாராபுரம், இரண்டு மாடி வீடு, 2023. ஸ்லாப் பைப் போடுவதிலிருந்து டிபி டிரெஸ்ஸிங், ஆர்சிசிபி, மெக்கர் டெஸ்ட் வரை. முழுப் பொறுப்பும் என்னுடையது.’

‘காங்கேயம், தேங்காய் எண்ணெய் மில், 2022. 15 ஹெச்பி மோட்டாருக்கு ஸ்டார் டெல்டா பேனல், கேபிள் டிரே, எர்த்திங். மாமாவுடன் இரண்டாம் ஆளாக.’

(மற்ற வாசகர்களுக்காக: டிபி டிரெஸ்ஸிங் என்றால் மின் விநியோகப் பெட்டியில் வயர்களை ஒழுங்காக இணைப்பது. ஆர்சிசிபி, மின்கசிவு வந்தால் கரண்ட்டை வெட்டும் சுவிட்ச். மெக்கர் டெஸ்ட், வயரின் இன்சுலேஷனைச் சோதிப்பது. ஸ்டார் டெல்டா, பெரிய மோட்டாரைக் குறைந்த கரண்ட்டில் கிளப்பும் முறை.) ஊர், எந்த மாதிரிக் கட்டடம், வருடம், வேலையின் அளவு, அதில் உங்கள் பங்கு. ‘ஸ்லாப் பைப்’ என்று படித்ததுமே இன்ஜினியருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். கம்பி கட்டி முடித்து கான்கிரீட் கொட்டுவதற்குள் பைப்பும் பாக்ஸும் போட்டு, வாயை அடைத்து, நகராமல் கட்டத் தெரிந்த ஆள் என்று அர்த்தம். பைப்புக்குள் சிமென்ட் பால் இறங்கி அடைத்துக்கொண்டால் யார் தலையில் விடியும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

எல்லா வீட்டையும் அடுக்க வேண்டாம். பெரிய வேலைகள் ஐந்தாறு போதும், மற்ற வீடுகளுக்குச் சேர்த்து ஒரு வரி. போர் மோட்டார் வேலையை விட்டுவிடாதீர்கள், ஆனால் பில்டருக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். அபார்ட்மென்ட்டில் சம்ப் மோட்டார் உண்டு, கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் உண்டு. ஸ்டார்ட்டர், பேனல் பழுது பார்ப்பேன் என்பது அங்கே செல்லுபடியாகும். இரண்டாம் ஆளாகச் செய்ததை முழுப் பொறுப்பு என்று ஏற்றிச் சொல்லாதீர்கள். நேரில் போனதும் ஒரு தாளை நீட்டி, மூன்று கான்டாக்டரும் (மோட்டாருக்குக் கரண்ட்டை இணைத்துத் துண்டிக்கும் காந்த சுவிட்ச்) டைமரும் போட்டு ஸ்டார் டெல்டா வரையச் சொன்னால் அங்கேயே தெரிந்துபோகும்.

சான்று விஷயம். மாமாவுக்கு கான்ட்ராக்டர் லைசென்ஸ் இருந்தால் அவர் லெட்டர்பேடிலேயே ஒரு கடிதம் வாங்குங்கள். இல்லையென்றால் அந்த மில் மேனேஜர், வீடு கட்டிய சிவில் இன்ஜினியர் இருவரிடமும் கேட்டுக்கொண்டு அவர்கள் நம்பரைப் போடுங்கள். நம் பக்கம் ‘யார்கிட்ட இருந்தீங்க?’ என்ற ஒரு கேள்வியிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. ஐடிஐ சான்று வேறு, மின் உரிமம் வழங்கும் வாரியம் தருகிற மின்கம்பியாள் தகுதிச் சான்று வேறு. நம் ஆட்கள் பி லைசென்ஸ் என்பது இந்த இரண்டாவதைத்தான். அது இருந்தால் எண்ணோடு போடுங்கள், இல்லையென்றால் இப்போதே அதற்கு முயற்சி செய்யுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை திறமைக்குச் சான்று ஆகாது. ஆனால் எந்த வருடத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறீர்கள் என்பதற்கு ஒரு பதிவு.

டூவீலர் லைசென்ஸை எழுதுங்கள். சரவணம்பட்டியில் காலையும் நீலாம்பூரில் மதியமும் நிற்க வேண்டியிருக்கும். கொஞ்சம் இந்தி பேசுவீர்கள் என்றால் அதையும்தான், இன்று கோவை சைட்டுகளில் பாதிப் பேச்சு அதில்தான் நடக்கிறது. ஆதார் எண் வேண்டவே வேண்டாம், கேட்கும்போது காட்டினால் போதும்.

ஆங்கிலத்தில் ஒரே பக்கம், பிடிஎஃப்பாக. தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் தள்ளாதீர்கள். ஃபைலுக்கு உங்கள் பெயரும் ‘எலக்ட்ரீஷியன்’ என்றும் பெயர் வையுங்கள், ‘நியூ ரெஸ்யூம் 2’ என்று வந்தால் யார் தேடி எடுப்பார்கள்? இரண்டு நாள் கழித்து ஒரு போன் பண்ணிக் கேளுங்கள். காலை நேரம் வேண்டாம், சைட்டில் கான்கிரீட் ஓடிக்கொண்டிருந்தால் இன்ஜினியர் போனை எடுக்கவே மாட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.