வேலைக்குப் போற பெரியவங்களுக்கு இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கறேன், படிக்கக் குடுக்க சின்னச் சின்ன கதை, கட்டுரை எப்படித் தேர்ந்தெடுக்கறது?

கேள்வியோட விவரத்துல நீங்க எழுதியிருக்கறது இதுதான்: புதுசா கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சிருக்கீங்க, ஒரு மணி நேரத்துக்குள்ள முடியற மாதிரி வாசிப்பு வேணும், லிஸ்ட் இருந்தா நல்லது. எனக்கு முன்னாடி பதில் சொன்னவங்க எல்லாரும் லிஸ்ட் குடுத்துட்டாங்க, எல்லாமே உலகப் புகழ் பெற்ற சிறுகதைகள். அந்த லிஸ்ட்டப் பார்த்த உடனே எழுதாம இருக்க முடியல, அதனால கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

உங்க நிலைமை எனக்குப் புரியுதுன்னுதான் நினைக்கறேன். கையில ஒரு புக்கக் குடுத்திருப்பாங்க, அதுல பாதி பாடம் ரொம்பக் கஷ்டம், மீதிப் பாதி சின்னப் பிள்ளைங்களுக்கு எழுதினது. கிளாஸ்ல உக்காந்திருக்கறவங்க நாள் பூரா வேலை பார்த்துட்டு நேரா வந்தவங்க. ஒருத்தர் கடகடன்னு பேசுவார் ஆனா படிக்க வராது, இன்னொருத்தர் இலக்கணம் எல்லாம் கரெக்டா எழுதுவார் ஆனா ஒரு பக்கம் குடுத்தா மூணாவது வரியிலயே டிக்‌ஷனரியத் திறந்துடுவார். இப்படிப்பட்ட கிளாஸ்தானே? அப்படின்னா மேல படிங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கன்னா கூட நான் சொல்றதுல முக்கால்வாசி பொருந்தும்.

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம். மொழி சுலபமா இருக்கணும், விஷயம் சுலபமா இருக்கக் கூடாது. இந்த ரெண்டும் ஒரே பக்கத்துல சேர்ந்து கிடைக்கறது ரொம்ப அபூர்வம், அதத் தேடிப் பிடிக்கறதுதான் நம்ம வேலை, கிடைக்கலன்னா உக்காந்து எழுதறதும் நம்ம வேலைதான்.

மொழி எவ்வளவு சுலபம்னு கேட்டா, அதுக்கு ஒரு கணக்கே இருக்கு. 2000ல ஹூ, நேஷன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கதையில தெரியாத வார்த்தைகளோட அளவ மாத்தி மாத்திப் படிக்கக் குடுத்துப் பார்த்தாங்க. நூத்துக்கு எண்பது வார்த்தை தெரிஞ்ச நிலையில ஒருத்தருக்குக் கூட கதை சரியாப் புரியல. தொண்ணூத்தஞ்சுல சில பேருக்குப் புரிஞ்சுது. யார் உதவியும் இல்லாம பெரும்பாலானவங்களுக்குப் புரியணும்னா 98 சதவீதம் வார்த்தை தெரிஞ்சிருக்கணும்னு அவங்க முடிவுக்கு வந்தாங்க. இத உங்க கிளாசுக்குக் கொண்டு வாங்க: 300 வார்த்தை இருக்கற ஒரு பக்கம்னா தெரியாத வார்த்தை ஆறுதான் இருக்கலாம். ஆறு! நாம சாதாரணமா குடுக்கற பக்கத்துல முதல் பாராவுலயே ஆறு தாண்டிடும். நீங்க கூட இருந்து சொல்லித் தர்ற பாடம்னா பதினஞ்சு வரைக்கும் போலாம், அதுக்கு மேல போனா அங்க நடக்கறது வாசிப்பு இல்ல, வார்த்தைக்கு அர்த்தம் எழுதற வேலை.

இது ஒண்ணும் இப்ப கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல. மைக்கேல் வெஸ்ட்னு ஒருத்தர் 1920கள்ல டாக்காவுல வேலை பார்த்தப்ப, பசங்க படிக்கற இங்கிலீஷ் புக்குல புது வார்த்தைய வண்டி வண்டியாக் கொட்டி வெச்சிருக்கறதப் பார்த்துட்டு, அடிக்கடி வர்ற வார்த்தைகளை மட்டும் வெச்சு, புது வார்த்தைய நல்லா இடைவெளி விட்டு அறிமுகப்படுத்தற மாதிரி புக்கு எழுதினார். 1953ல அவர் வெளியிட்ட சுமார் 2000 வார்த்தைப் பட்டியல இன்னைக்கும் ஆளுங்க பயன்படுத்தறாங்க. அமெரிக்க வானொலி 1959ல ஆரம்பிச்ச ஸ்பெஷல் இங்கிலீஷ் செய்தியில கிட்டத்தட்ட 1500 வார்த்தைதான் உபயோகிச்சாங்க, அதுலயே அரசியல், விஞ்ஞானம், விண்வெளி எல்லாத்தையும் பேசினாங்க. சுலபமான வார்த்தையில பெரிய விஷயம் பேச முடியாதுன்னு யாராவது சொன்னா இதக் காட்டுங்க.

அடுத்து, ஒரு பக்கம் எவ்வளவு கஷ்டம்னு ஸ்கோர் போடற சாஃப்ட்வேர நம்பாதீங்க. ஃப்ளெஷ் கின்கெய்டுன்னு ஒரு ஃபார்முலா, 1975ல அமெரிக்கக் கடற்படைக்காகப் பண்ணது, வாக்கியம் எவ்வளவு நீளம், வார்த்தையில எத்தனை அசை, இந்த ரெண்டத்தான் அது பார்க்கும். அதோட கணக்குல எலிஃபென்ட் கஷ்டம், புட் அப் வித் (பொறுத்துக்கறதுன்னு அர்த்தம்) சுலபம். கிளாஸ்ல நேர்மாறா இருக்கும், முதல் மாசம் வந்தவருக்கே எலிஃபென்ட் தெரியும், ரெண்டு வருஷம் படிச்சவர் கூட புட் அப் வித் வந்தா அப்படியே நிப்பார். இன்னொரு கொடுமை, ஸ்கோர் குறையணும்னு வாக்கியத்த எல்லாம் துண்டு துண்டா வெட்டிடுவாங்க. வெட்டும்போது பிகாஸ், சோ, ஆல்தோ எல்லாம் காணாமப் போயிடும். காரணம் எது, விளைவு எதுன்னு சொல்லிட்டு இருந்த வார்த்தையே அதுதான். அத எடுத்துட்டா படிக்கறவர்தான் மனசுக்குள்ள அத நிரப்பிக்கணும், அப்ப பாடம் இன்னும் கஷ்டமாத்தான் ஆகும். இப்ப ஏஐ கிட்ட சுலபமாக்கித் தான்னு கேட்டாலும் பல சமயம் இதான் நடக்குது, ஒரு தடவை சத்தமாப் படிச்சுப் பார்த்துட்டு அந்தச் சின்ன வார்த்தைகள நீங்களே திரும்பச் சேர்த்துடுங்க.

இப்ப அந்தப் புகழ் பெற்ற சிறுகதை விஷயம். நூறு வருஷத்துக்கு முந்தின அமெரிக்க, இங்கிலாந்துக் கதைகள எல்லாரும் ஏன் எடுக்கறாங்கன்னா, காப்புரிமை முடிஞ்சு போச்சு, ப்ராஜெக்ட் குட்டன்பர்க் மாதிரி இணையதளங்கள்ல ஓசியாக் கிடைக்குது. இதுல தப்பே இல்ல, எனக்கும் அந்தக் கதைகள் உயிர். ஆனா அதுல பாதிக் கதை கடைசி வரித் திருப்பத்த நம்பி எழுதினது. அந்தக் கடைசி வரியில ரெண்டு வார்த்தை புரியலன்னா மொத்தக் கதையும் போச்சு. பக்கத்துல இருக்கறவர் சிரிக்கறார், இவருக்கு எதுக்கு சிரிக்கறாங்கன்னே தெரியல. பெரியவங்க இதத் தாங்க மாட்டாங்க, வெளிய காட்டிக்க மாட்டாங்க, அடுத்த வாரம் வர மாட்டாங்க, அவ்வளவுதான். அதனால ஆரம்ப நிலையில திருப்பத்த நம்பி நிக்கற கதை எதையும் குடுக்காதீங்க. அடுத்து என்ன ஆகும்னு முன்னாடியே பாதி தெரிஞ்சிருந்தும் படிக்கத் தூண்டற விஷயம்தான் வேணும்.

என் கிளாஸ்ல நடந்தத சொல்றேன். நான் சேர்றதுக்கு முன்னாடியே அங்க ஆரம்ப நிலைக்குன்னு ஒரு புக்லெட் இருந்தது, முயல், நரி, பேசற மரம், எல்லாம் ஆறு வயசுப் பிள்ளைக்கு எழுதினது. மாணவர்கள்ல ஒருத்தர் ராத்திரி ஷிஃப்ட் செக்யூரிட்டி, அம்பது வயசுக்கு மேல. வரிக்கு அடியில விரல வெச்சு நகர்த்திக்கிட்டே படிப்பார், விரல் நின்னுதுன்னா வார்த்தை தெரியலன்னு அர்த்தம். அந்த முயல் பக்கத்தக் குடுத்தப்ப அவர் விரல் எங்கயுமே நிக்கல, அவ்வளவு சுலபம் அவருக்கு. படிச்சு முடிச்சதும் அந்தத் தாளக் குப்புறப் போட்டு மேல நோட்ட வெச்சுட்டார், பக்கத்து பெஞ்சுல இருக்கற இருவது வயசுப் பையன் பார்த்துடக் கூடாதுன்னு. அதப் பார்த்த அன்னைக்கே அந்த புக்லெட்ட மூடிட்டேன்.

அடுத்த கிளாசுக்கு நானே ஒரு பக்கம் எழுதிட்டுப் போனேன். ஷாக்கிள்டன்னு ஒரு துருவப் பயணியோட கப்பல் கதை. 1915 ஜனவரியில கப்பல் தென்துருவப் பக்கம் பனியில மாட்டுது, மாசக்கணக்கா நகரல, நவம்பர்ல பனி நெருக்கி உடைச்சு மூழ்கியே போயிடுது, 28 பேர் பனிப் பாறை மேல நிக்கறாங்க. கப்பல், பனி, குளிர், படகு, காத்திருக்கறது, எல்லாம் அடிப்படை வார்த்தை. நடந்து முடிஞ்ச விஷயம், ஒண்ணு பின்னாடி ஒண்ணா வர்ற கதை, இறந்த காலம் ஒண்ணே போதும். க்ரஷ்ங்கற (நசுக்கறது) வார்த்தைய மட்டும் வேணும்னே விட்டு வெச்சேன், வேற வேற இடத்துல திரும்பத் திரும்ப வர்ற மாதிரி. ஃப்ராஸ்ட்பைட்டுக்கு (கடுங்குளிர்ல விரல், தோல் எல்லாம் பாதிக்கறது) ஓரத்துல ஒரு வரி விளக்கம் போட்டேன். கடைசிப் பாரா, எல்லாரும் எலிஃபென்ட் தீவுக்கு வந்து சேர்ந்தப்புறம், ஆறு பேர் ஒரு சின்னப் படகுல சுமார் 1300 கிலோமீட்டர் கடல்ல உதவி தேடிப் போறாங்க, மீதிப் பேர் அந்தத் தீவுலயே தங்கறாங்கன்னு முடிச்சேன். கேள்வி எதுவும் போடல. நீங்களா இருந்தா போவீங்களா, தங்குவீங்களா, இது மட்டும்தான்.

கிளாஸே ரெண்டா உடைஞ்சு பேச ஆரம்பிச்சுது, தப்புத் தப்பான இங்கிலீஷ்ல, ஆனா விடாம. நம்ம செக்யூரிட்டிக்காரர் மட்டும் பேசல, முடியற நேரத்துல எங்கிட்ட வந்து, டீச்சர், தங்கின 22 பேர் என்ன பண்ணாங்க, அவங்கள யார் பார்த்துக்கிட்டாங்கன்னு கேட்டார். ராத்திரி பூரா காத்துக்கிட்டு உக்காந்திருக்கறது அவரோட பொழைப்பு, அவருக்கு அந்தக் கேள்விதான் வந்தது, படகு இல்ல. ரெண்டாவது பக்கத்த அவருக்காகவே எழுதினேன். ஃப்ராங்க் வைல்டுங்கறவர் அந்த 22 பேருக்குத் தலைவர், கவுத்துப் போட்ட ரெண்டு படகுக்கு அடியில நாலு மாசத்துக்கு மேல இருந்தாங்க, தினம் காலையில எந்திரிச்சதும் படுக்கையச் சுருட்டி வைங்க, இன்னைக்கு வந்தாலும் வருவாங்கன்னு அவர் சொல்லுவார், 1916 ஆகஸ்ட் 30 அன்னைக்கு வந்தாங்க, அந்தக் கப்பல்ல போன ஒருத்தர் கூடச் சாகல. அந்தத் தாள அவர் வேலைக்கு எடுத்துட்டுப் போனார். அடுத்த கிளாசுக்கு வரும்போது மடிச்ச இடம் எல்லாம் தேஞ்சு போயிருந்தது, விளிம்புல பென்சில்ல சின்னச் சின்னக் கேள்வியா எழுதியிருந்தார், இங்கிலீஷ்ல. மூணாவதா படகுல போனவங்களப் பத்தி எழுதினேன், மூணுலயும் அதுதான் நீளம், ஆனா கிளாஸே அதத்தான் வேகமாப் படிச்சுது. ஏன்னா அதே ஆட்கள், அதே பனி, அதே வார்த்தைகள். ஒரே விஷயத்துல மூணு நாலு வாசிப்பு குடுக்கறத, கிராஷென்னு ஒரு மொழியியல் அறிஞர், நேரோ ரீடிங்னு (ஒரே வட்டத்துக்குள்ள வாசிக்கறது) சொல்லுவார். வாரத்துக்கு ஒரு புதுத் தலைப்புன்னு தாவறத விட இது எவ்வளவோ மேல்.

உடனே சில பேர் சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும். தரத்தக் குறைக்கறீங்க, பரீட்சையில இவ்வளவு சுலபமாவா வரும், இலக்கியம் படிக்க வேண்டாமான்னு. இலக்கியம் வேண்டாம்னு நான் எங்கயும் சொல்லல. பரீட்சைக்குப் போறவங்களுக்கு கஷ்டமான பக்கம் கண்டிப்பா வேணும், அத நாம கூட இருந்து வரி வரியா நடத்தணும், அது வேற வேலை. நான் சொல்றது அவங்களே தனியாப் படிக்கறதுக்கான பக்கம். ரிச்சர்ட் டே, ஜூலியன் பேம்ஃபோர்டுன்னு ரெண்டு பேர் 2002ல நிறைய வாசிக்க வைக்கறதுக்கு பத்து விதி எழுதினாங்க, அதுல முதல் விதியே படிக்கறது சுலபமா இருக்கணுங்கறதுதான். ஃபிஜி தீவுல கிராமத்துப் பள்ளிக்கூடங்கள்ல வகுப்புக்கு சுமார் 250 கதைப் புத்தகத்தக் குடுத்துப் படிக்க விட்டுப் பார்த்தாங்க, 1983ல அதோட முடிவு வந்தது, வழக்கமான பாட முறையில படிச்ச பிள்ளைங்கள விட இந்தப் பிள்ளைங்க வாசிப்புல நல்லா முன்னேறியிருந்தாங்க. இதுக்கு மேலயும் தரம் குறையுதுன்னு சொல்றவங்க, உங்க மாணவர்கள்ல எத்தனை பேர் கிளாசுக்கு வெளிய தானா ஒரு பக்கம் படிக்கறாங்கன்னு முதல்ல கேட்டுட்டு வாங்க.

சொல்லும்போது இதையும் சொல்லிடறேன், கேள்விக்கு சம்பந்தம் இல்லதான். அந்த மூணாவது பக்கம் நடத்தின அன்னைக்கு நிர்வாகத்துலேருந்து ஒருத்தர் கிளாஸப் பார்க்க வந்தார். பின் பெஞ்சுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு, பாடத்தோட லெவல் ரொம்பக் கம்மின்னு எழுதிட்டுப் போனார். யாரும் டிக்‌ஷனரியத் திறக்கல, அதான் அவர் கண்ட குறை. அந்தப் பக்கங்கள எழுத நான் ராத்திரி உக்காந்த நேரத்துக்கு யாரும் சம்பளம் தரல, கிளாஸ்ல நிக்கற நேரத்துக்கு மட்டும்தான் கணக்கு. பிரிண்ட் எடுக்கறது என் கைக்காசு. பகுதிநேர ஆசிரியர்னா தயாரிப்பு எல்லாம் தானா நடந்துடும்னு நினைக்கறாங்க, ஒரு நல்ல ஒரு பக்கப் பாடத்துக்கு மூணு மணி நேரம் ஆகும்னு சொன்னா நம்பவே மாட்டேங்கறாங்க. ரெடிமேட் பாடம் இருக்கே, அதக் குடுக்க வேண்டியதுதானேங்கறாங்க. முயல் கதையக் குடுத்து அம்பது வயசு ஆளத் தலை குனிய வைக்கறதுக்கு எனக்கு மனசு வராது, அவ்வளவுதான்.

சரி, உங்க விஷயத்துக்கு வர்றேன். முதல் கிளாஸ்ல மூணு நாலு பக்கத்த மேசையில பரப்பி வைங்க, தலைப்பு பெருசாத் தெரியற மாதிரி. அவங்களே எடுக்கட்டும். எது மிச்சம் கிடக்குதோ அத அடுத்த தடவை கொண்டு போகாதீங்க, உங்களுக்கு எவ்வளவு பிடிச்சதா இருந்தாலும். எடுத்தத அமைதியாப் படிக்க விடுங்க, ஒவ்வொருத்தரா எழுப்பி சத்தமாப் படிக்கச் சொல்லாதீங்க, சத்தமாப் படிக்கறவருக்கு உச்சரிப்புப் பயத்துல அர்த்தம் ஏறாது, மத்தவங்க தன்னோட முறை எப்ப வரும்னு வரிய எண்ணிட்டு இருப்பாங்க. படிக்கும்போது தெரியாத வார்த்தைக்கு அடியில ஒரு கோடு மட்டும் போடச் சொல்லுங்க, முடிஞ்சதும் தாள வாங்கிக் கோட்ட எண்ணுங்க, 300 வார்த்தைக்கு ஆறு ஏழுக்குள்ள இருந்தா லெவல் சரி, பதினஞ்சு தாண்டினா அந்தப் பக்கம் அவருக்கு இப்ப வேண்டாம். நாலஞ்சு கிளாஸ் இப்படிப் பண்ணீங்கன்னா எந்த லிஸ்ட்டும் இல்லாமலே யாருக்கு எது சரி வரும்னு உங்களுக்கே தெரிஞ்சுடும். அப்புறம் எழுத்து பெருசா இருக்கட்டும், 14 சைஸ், வரிக்கு வரி நல்ல இடைவெளி, ஒரே பக்கத்துல முடியணும். வயசானவங்க கண்ணாடிய மறந்துட்டு வந்திருப்பாங்க, கேக்க மாட்டாங்க.